மோட்டார் நோன்பிருந்த வாரம்

தன் மனைவி எம்.இ. பட்டம் வாங்கியதில் பாதிப் பங்கு தனக்கு உண்டு என்று காசிமாயன் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவான். நாகஜோதி பக்கத்தில் இருந்தால், "எந்தப் பாதி மாமா? நான் படிச்ச பாதியா, நீங்க கெடுத்த பாதியா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, வந்தவருக்குக் காப்பி போட உள்ளே போய்விடுவாள். அதற்குப் பிறகு வந்தவர் கதையைக் கேட்காமல் எழுந்து போக முடியாது. இப்போது வருகிறவர்களிடம் இரண்டு பேர் வசனத்தையும் அவனே பேசித்தான் கதையை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. காப்பியும் அவனேதான் போடுகிறான். அது சுமார்தான்.

காசிமாயனுக்கு மதுரை காளவாசல் பக்கம் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எதுவானாலும் ஒலிபெருக்கியும் சீரியல் விளக்கும் அவன் கட்டுவான். நாகஜோதி மின்சாரத்தில் பி.இ. படித்தவள். அவனைக் கட்டிக்கொண்டு கோச்சடை வீட்டுக்கு வந்த புதிதில், கடையில் அவன் வயரை நுனிவிரலால் தட்டிப் பார்த்துக் கரண்ட் இருக்கிறதா என்று சொல்வதைக் கண்டு அவளுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோனது. மறுநாளே ஒரு டெஸ்டர் வாங்கி வந்து அவன் சட்டைப் பையில் செருகினாள். அவன் அதை முதுகு சொறிய வைத்துக்கொண்டான். கடைசியில் அவளே அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"நாலு வருசம் படிச்ச நீ டெஸ்டரை நம்புற. நான் விரலை நம்புறேன்" என்பான்.

"விரல் இருக்கிற வரைக்கும் நம்புங்க" என்பாள் அவள்.

அவள் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். எம்.இ. இல்லாதவர்கள் இனிமேல் நீடிக்க முடியாது என்று ஒருநாள் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னாள். காசிமாயன், "அப்ப கடைக்கு வந்துரு. மைக் டெஸ்டிங் சொல்றதுக்கு ஒரு நல்ல குரல் வேணும்" என்றான். அவள் நுழைவுத் தேர்வு எழுதி, வேறொரு கல்லூரியில் முழுநேர எம்.இ. சேர்ந்துவிட்டாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர்கள் அவளை அக்கா என்றார்கள். முன்பு அவளோடு வேலை பார்த்திருந்த ஒரு வாத்தியார் பழைய ஞாபகத்தில் அவளை மேடம் என்றே கூப்பிட்டார்.

வீட்டில் புதுச் சண்டைகள் வந்தன. "உங்க சீரியல் லைட்டு லைன்ல ஓடுற கரண்டையே கெடுக்குது, தெரியுமா? அலையெல்லாம் கோணக்கோணலாப் போகுது" என்பாள்.

"கரண்டைத்தான கெடுக்குது? ஊரைக் கெடுக்கலைல்ல?"

"ஊரைக் கெடுக்க உங்க ஸ்பீக்கர் இருக்கே."

இரண்டாம் வருஷம் அவளுக்குப் பிராஜெக்ட். கிராமங்களில் எல்லாத் தோட்டத்து மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது, அதைத் தூக்கி நிறுத்த எந்த அளவு கெப்பாசிட்டர் வைக்க வேண்டும் என்பது தலைப்பு. கம்ப்யூட்டரில் போட்டதெல்லாம் அழகாக வந்தது. அவளுடைய வழிகாட்டி பத்மாசினி மேடம், மதுரை சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர், மெல்லிய குரல், கறாரான ஆள். "கம்ப்யூட்டர்ல எல்லா மோட்டாரும் நல்லாத்தான் ஓடும் நாகஜோதி. நிஜத் தோட்டத்துல ஒரு வாரம் அளந்து எடுத்துட்டு வாங்க. அது இல்லாம உங்களை ரிவ்யூவுக்கு அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ரிவ்யூவுக்குப் போகவில்லையென்றால் இன்னும் ஒரு அரை வருஷம். ஜூனில் ஒரு கல்லூரி அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பட்டம் கையில் இருந்தால்தான்.

நிஜத் தோட்டம் காசிமாயன் சொந்தத்திலேயே இருந்தது. அவனுடைய அக்கா ஒச்சாயியை உசிலம்பட்டிக்கு மேற்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் பேயாண்டிக்குக் கிணறும், கிணற்றை ஒட்டி மோட்டார் ரூமும், கத்தரித் தோட்டமும் உண்டு. கல்லூரி ஆய்வகத்தில் அனலைசர் என்று ஒரு கருவி இருந்தது. அதன் கொக்கிகளை மோட்டாருக்குப் போகிற வயர்களில் மாட்டிவிட்டால் வோல்டேஜையும் கரண்டையும் ராப்பகலாகக் குறித்து, உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாகக் கல்லூரிக் கம்ப்யூட்டருக்கே அனுப்பிவிடும். விலை கூடின சாமான். எலியோ கோழியோ தொட்டுவிடாமல் பூட்டி வைக்க ஒரு நல்ல பெட்டி வேண்டும் என்று நாகஜோதி கேட்டாள்.

கடையில் பழைய ஆம்ப்ளிபயர் வைக்கிற மரப்பெட்டி ஒன்று இருந்தது. கனமான பெட்டி, பித்தளைப் பூட்டு. வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் முகத்தில் ஏடு ஏடாகப் படிந்திருந்தது.

"துடைச்சுக் குடுங்க மாமா."

"சந்தனம் இருந்தா என்ன, உன் மெஷினுக்குச் சளி பிடிச்சிருமா?"

இதுதான் அவன் கெடுத்த பாதியின் முதல் பகுதி.

அது மாசி மாதம். அந்தப் பக்கத்து ஊர்களில் சாமி என்பது சிலையாக இருக்காது, பெட்டியாக இருக்கும். சாமிக்குரிய துணிமணியும் பூசைச் சாமானும் வைத்துப் பூட்டிய பெட்டி. மாசிப் பச்சை என்கிற சிவராத்திரித் திருவிழா வரும்போது விரதம் இருக்கிறவர்கள் அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்து, செருப்பில்லாமல், வரிசையாகக் கோயிலுக்கு நடப்பார்கள். காசிமாயன் பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற காட்சி. ஆனால் சாமியைப் பற்றித் தெரிந்தவனுக்கு, தான் எப்படித் தெரிகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

தோட்டத்தில் அன்று தண்ணீர் பாய்ச்சி வரப்பெல்லாம் சேறு. காசிமாயன் செருப்பைக் கழற்றிப் பைக்கில் மாட்டினான். துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் பெட்டியை ஏற்றிக்கொண்டான். வழுக்கிவிடுமோ என்று அடிமேல் அடி வைத்து, வாய் பேசாமல் நடந்தான். மோட்டார் ரூம் வாசலில் தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவினான். பெட்டியை ஒரு பலகைமேல் இறக்கினான். நாகஜோதி மெயினை இறக்கி, டெஸ்டரால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, கொக்கிகளை மாட்டி, வயரைப் பெட்டிக்குள் விட்டு, கருவியை ஓட விட்டாள். பெட்டியைப் பூட்டி, காசிமாயன் சாவியை மடியில் முடிந்துகொண்டான்.

"யாரும் தொடக்கூடாதுக்கா. ஒரு வாரம் இங்கதான் இருக்கும்" என்றான்.

கிணற்றடியில் நின்றுகொண்டிருந்த ஒச்சாயி தலையை ஆட்டினாள். பேயாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அதையும் காசிமாயன் பார்த்தான். வேலைக்குப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து ஒச்சாயி போன் பண்ணினாள். "பெட்டியை நல்லாப் பாத்துக்கிறோம் தம்பி. ஒரு குறையும் இல்ல." காசிமாயனுக்குப் பெருமையாக இருந்தது. "பாத்தியா, எங்க அக்கா வீட்டுப் பொறுப்பை" என்று நாகஜோதியிடம் சொன்னான்.

அந்த வாரக் கடைசியில் பத்மாசினி மேடம் அவளைக் கூப்பிட்டு கம்ப்யூட்டரைக் காட்டினார். வோல்டேஜ் கோடு நன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஆரம்பத்திலிருந்து அந்த நிமிஷம் வரைக்கும் சுழியம்.

"கொக்கியைச் சரியா மூடினீங்களா?" என்று கேட்டார் மேடம்.

மூடினேன் என்று சொல்ல நாகஜோதிக்கு வாய் வரவில்லை. மூடியது ஞாபகம் இருந்தது. ஆனால் சுழியத்துக்கு முன்னால் யாருக்குத்தான் தன் ஞாபகத்தின்மேல் நம்பிக்கை இருக்கும்? அனலைசரை அடுத்த வாரக் கடைசியில் இன்னொரு மாணவருக்குக் கொடுத்தாக வேண்டும். அதற்கடுத்த நாள் ரிவ்யூ. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். காசிமாயனுக்கு அவளை அப்படிப் பார்த்துப் பழக்கமில்லை. என்ன கேலி செய்வதென்று தேடிப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை.

"அக்காட்ட கேட்டுப் பாப்பமா?" என்றான்.

நாகஜோதி போனை எடுத்தாள். "மதினி, மோட்டாரு நல்லா ஓடுதா?"

"அதெப்படித்தா ஓட்டுவோம்?" என்றாள் ஒச்சாயி.

"ஏன் மதினி, ரிப்பேரா?"

"நல்ல மோட்டாருதான். பெட்டி எறங்கியிருக்கிற எடத்துல தடதடன்னு மோட்டாரைப் போட்டா நல்லாவா இருக்கும்? நீ கவலைப்படாத. ரெண்டு வேளையும் வெளக்கு வச்சிருக்கேன்."

நாகஜோதி போனை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். எதிர்முனையில் அக்கா பேசியது அவனுக்கும் கேட்டிருந்தது.

"மாமா," என்றாள், "சளி பிடிக்கலை. சாமியே பிடிச்சிருச்சு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் கிளம்புவதாகப் பேச்சு. அதற்குள் காசிமாயன் கடைப் பக்கம் போய்வந்தான். கவலை வந்தால் அவனுக்குப் பசிக்கும். குடல்குழம்பு ஊற்றி இட்லி தின்றுவிட்டுத்தான் வந்தான். நாகஜோதி முந்தின நாளிலிருந்து பட்டினி.

மோட்டார் ரூமை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தரை மெழுகியிருந்தது. ஒட்டடையெல்லாம் அடித்து, சுவரில் திருநீற்றுப் பட்டை போட்டிருந்தது. பெட்டிக்குக் கதம்பமாலை. அதிலிருந்து வெளியே வந்த மூன்று வயர்களுக்கும்கூட ஆளுக்கொரு குங்குமப் பொட்டு. வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்து கும்பிட்டுப் போகிறார்களாம்.

"மச்சான், அப்ப கத்தரிக்குத் தண்ணி?" என்று கேட்டான் காசிமாயன்.

"பக்கத்துத் தோட்டத்துச் சுருளி கெணத்துலருந்து ஓஸ் போட்டு இழுத்துக்கிட்டேன் மாப்ள. அவன் முனங்குனான். நம்ம பெட்டிக்காகன்னு சொன்னேன், வாயை மூடிக்கிட்டான்."

"அது மெஷினு மச்சான்."

ஒச்சாயி இடுப்பில் கை வைத்தாள். "எங்களுக்குத் தெரியாதா மெஷினுன்னு? உம் பொண்டாட்டி உள்ள வச்சதை நான் கண்ணால பாத்தேன். ஆனா நீ என்ன செஞ்ச? மாசி மாசத்துல, சந்தனம் பூசின பெட்டியை, செருப்பைக் கழட்டிட்டு, சும்மாடு கட்டித் தலைல வச்சு, வாய் தொறக்காம வரப்புல நடந்து வந்த. கால் கழுவிட்டுப் படியேறுன. தொடாதீங்கன்னு சொல்லிப் பூட்டி, சாவியை மடியில முடிஞ்ச. இதுக்கு மேல ஒரு சாமிக்கு என்ன வேணும்? உள்ள மெஷினு இருந்தா என்ன, மண்ணு இருந்தா என்ன?"

காசிமாயன் தான் செய்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். ஒன்றையும் மறுக்க முடியவில்லை.

"சேறா இருந்துச்சுக்கா" என்றான்.

"கோயிலுக்குப் போற வழியுந்தான் சேறு."

பேயாண்டி, "தூக்கணும்னா முறையாத்தான் தூக்கணும் மாப்ள. பச்சை முடியட்டும்" என்றார். பச்சை முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. காசிமாயன் திரும்பிப் பார்த்தான். நாகஜோதி அழுதுவிடுவாள் என்று நினைத்தான். அவள் மூலையில் கவிழ்ந்து கிடந்த ஒரு காலிப் பெயின்ட் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, பெட்டியை நான் தூக்கலை. அது இங்கேயே இருக்கட்டும். உள்ள இருக்கிற மெஷினை மட்டும் எடுத்து அந்த வாளிக்குள்ள வச்சுக்கிறேன். பெயின்ட் வாளியை யாரும் கும்பிட மாட்டாகல்ல?"

பேயாண்டி ஒச்சாயியைப் பார்த்தார். ஒச்சாயி வாளியைப் பார்த்தாள். அதில்தான் அவள் மாட்டுக்குப் புண்ணாக்கு ஊறவைப்பது. "அதைக் கும்பிட மாட்டோம்" என்று ஒத்துக்கொண்டாள். "ஆனா பெட்டியைத் திறக்கிறது யாரு? கவுச்சி திண்ணவுக தொடக்கூடாது."

எல்லோரும் சாவிக்காரனைப் பார்த்தார்கள். காசிமாயன் வரப்பைப் பார்த்தான்.

"என்ன திண்ணுட்டு வந்த?"

"இட்லிக்கா."

"இட்லிக்குத் தொட்டுக்க?"

அவன் சட்டையில் தெறித்திருந்த குழம்பு பேசியது. ஒச்சாயி அவனைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் போய் நிற்கச் சொன்னாள். அவன் சாவியை அவிழ்த்து, நேரில் கொடுக்காமல் தொட்டித் தண்ணீரில் போட்டான். நாகஜோதி எடுத்துக்கொண்டாள்.

மரத்தடியிலிருந்து அவன் பார்த்தான். அவள் முகம் கழுவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். முதலில் மெயினை இறக்கினாள், டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். பிறகு பெட்டி முன்னால் குனிந்து பூட்டைத் திறந்தாள். அந்த நேரம் ஒச்சாயி குலவை போட்டாள். பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்து பதில் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் இரண்டு கையாலும் அனலைசரைத் தூக்கிப் புண்ணாக்கு வாளிக்குள் இறக்கினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்ததில் அவள் தோள் குலுங்கியது. அவன் கட்டிய எந்த சீரியல் செட்டுக்கும் அப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை.

கொக்கி மூன்றும் ஒழுங்காகத்தான் மூடியிருந்தன. அதை அவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

வாளி மூடியில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டு வயரை விட்டாயிற்று. பேயாண்டி ஸ்டார்ட்டர் பக்கத்தில் நின்றார். கையைத் தூக்கினார், இறக்கினார். "பெட்டி பாத்துக்கிட்டுல்ல இருக்கு?" என்றார்.

ஒச்சாயி யோசித்தாள். கொடியில் கிடந்த பேயாண்டியின் வேட்டியை உருவி, பெட்டிக்கு முன்னால் குறுக்கே கட்டினாள். "கோயில்ல அலங்காரம் மாத்துறப்ப திரை போடுறாகல்ல? சாமிக்குத் திரை போட்டாச்சு. நீ பட்டனை அமுக்கு."

மோட்டார் ஓடியது. சுருளி கிணற்று ஓஸ் ஓய்ந்தது. காசிமாயன் மரத்தடியிலேயே நின்றான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

அந்த வாரம் பத்மாசினி மேடத்தின் கம்ப்யூட்டரில் கரண்ட் கோடு நன்றாக எழுந்து நடமாடியது. எல்லோரும் மோட்டார் போடுகிற காலை வேளையில் வோல்டேஜ் இறங்குவதும் தெளிவாகப் பதிவானது. தன் கணக்கும் தோட்டத்துக் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போனதை நாகஜோதி மூன்று தடவை சரிபார்த்தாள். ஆனால் முதல் வாரத்துச் சுழியத்தை என்ன செய்வது? மறைத்துவிடலாமா என்று கேட்டாள். அளந்ததை மறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் மேடம். அறிக்கையில், 'உள்ளூர்க் காரணங்களால் முதல் வாரம் மோட்டார் இயக்கப்படவில்லை' என்று ஒரு வரி சேர்த்தார்கள். பெயின்ட் வாளியின் படமும் அறிக்கையில் இருந்தது. வாளியைக் கழுவித்தான் படம் எடுத்தார்கள்.

ரிவ்யூவில் தப்பித்தாள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்த ஒரு வரியிலேயே விரலை வைத்தார். "அது என்னம்மா உள்ளூர்க் காரணம்?"

வீட்டில் அவள் இந்த இடத்தைச் சொல்லும்போது எழுந்து நின்று சொல்லுவாள். "நான் மேடத்தைப் பாத்தேன். மேடம் மேசையைப் பாத்தாங்க. சரி, வர்றது வரட்டும்னு, 'மோட்டாரு நோன்பு இருந்துச்சு சார்'னு சொல்லிட்டேன்." பிறகு முழுக் கதையையும் சொல்லவேண்டி வந்ததாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மோட்டாரே ஓடாதபோது எடுத்த வோல்டேஜை ஓடும்போது எடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்திருந்தாள். அதற்குத் தனியாக ஒரு வரைபடம் வைத்திருந்தாள். அவர் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பாத்தியா, ஓடாத வாரமும் உதவுச்சு. அதான் என் பாதி" என்பான் காசிமாயன்.

"ஆமா, குடல்குழம்புக்கும் சேத்து நன்றி எழுதியிருக்கணும்" என்பாள்.

ஜூனில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கார்த்திகையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி மட்டும் காசிமாயன் கதையாக எதுவும் சொல்வதில்லை.

அந்தப் பெட்டி மோட்டார் ரூமிலேயே இருந்துவிட்டது. ஒருமுறை குலவை போட்டுவிட்ட பெட்டியை ஆம்ப்ளிபயர் வைக்கத் திரும்பக் கேட்க முடியுமா? வேட்டித் திரை போய் நல்ல துணியில் திரை வந்தது. மோட்டார் போடும்போது திரையை இழுத்துவிடுவார்கள். நாகஜோதி இருந்தவரைக்கும் ஒச்சாயி பார்க்கிறபோதெல்லாம் அவளிடம் குறைப்படுவாள். "காலிப் பெட்டிக்கு வெளக்கு வைக்கிற கூறுகெட்டவ இந்தச் சீமையிலேயே நான் ஒருத்திதான்."

நாகஜோதி போன அடுத்த மாசியில் ஒச்சாயி போன் பண்ணினாள். கேலி இல்லை. "தம்பி, பெட்டி காலியா இருக்குடா. ஏதாச்சும் கொண்டாயேன்."

அவன் வீட்டில் தேடினான். பெட்டியைத் திறந்த அன்றைக்கு அவள் கட்டியிருந்த சேலை கிடைத்தது. அவள் கைப்பையில் அந்த டெஸ்டர் இருந்தது. அதைக் கையில் எடுத்ததும், "அப்ப இனிமே விரல்தானா?" என்று அவள் கேட்பது போலிருந்தது. போகிற வழியில் உசிலம்பட்டியில் பைக்கை நிறுத்தி ஒரு புது டெஸ்டர் வாங்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

இந்தத் தடவை அவனே பெட்டியைத் திறந்தான். சேலையில் டெஸ்டரைச் சுற்றி உள்ளே வைத்தான். ஒச்சாயி குலவை போட வாயெடுத்தாள், வரவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையை இழுக்கப் போனாள்.

பேயாண்டி ஸ்டார்ட்டர் பக்கத்தில் நின்றார். "கத்தரி வாடுது மாப்ள. போடலாமா, இருக்கட்டுமா?"

"திரையை விட்டுரு அக்கா, இழுக்காத" என்றான் காசிமாயன். "போடுங்க மச்சான். அவ ஓடுற மோட்டாரைத்தான கேட்டா."

பேயாண்டி பட்டனை அமுக்கினார். மோட்டார் ஒரு உறுமு உறுமிவிட்டு நிதானத்துக்கு வந்தது. தண்ணீர் தொட்டியில் விழ ஆரம்பித்தது. காசிமாயன் புது டெஸ்டரை எடுத்து ஸ்டார்ட்டர் பெட்டியின் உடம்பில் வைத்துப் பார்த்தான். கரண்ட் கசிவு ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரியட்டும் என்று இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தான்.